யாருக்கு வாசிச்சீங்க?

1

இதை நான் கதையாக எழுத நினைக்கவே இல்லை. மாப்பிள்ளை நாலு வரி கேட்டார், அவ்வளவுதான். மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி புருஷன். ஜாஸ் குழுக்களில் டபுள் பேஸ் வாசிப்பவர். வயலினுக்குப் பெரியப்பா மாதிரி ஆளுயரத்துக்கு ஒரு வாத்தியம், பக்கத்தில் நின்றுகொண்டு விரலால் சுண்டி வாசிக்க வேண்டும். இத்தனை வருஷம் அடுத்தவர்களின் ஆல்பங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர், இப்போதுதான் முதல் முறையாகத் தானே அமைத்த மெட்டுகளை ஓர் ஆல்பமாகப் போடுகிறார்.

"மச்சான், உறையில போட நாலு வரி எழுதித் தாங்க."

"உங்களைப் பத்தியா, மெட்டுகளைப் பத்தியா?"

"என்னைப் பத்தி எதுக்கு? பியானோவைப் பத்தி எழுதுங்க. அந்தம்மா பிரமாதமா வாசிச்சிருக்காங்க."

சொந்த ஆல்பத்தின் உறையிலேயே நழுவப் பார்க்கிற ஆளை நாலு வரியில் எப்படிப் பிடிப்பது? எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் நான் நீளமாக எழுதுவேன்.

2

முதல் வரிக்கு முதல் முயற்சி: "மழை பெய்துகொண்டிருந்தது. அவர் விரல்கள் கம்பிகளின் மேல்..."

[வேண்டாம். மழை பெய்யவில்லை. பெய்திருந்தாலும் ஒலிப்பதிவு அறைக்குள் கேட்டிருக்காது.]

இரண்டாம் முயற்சி: "இசை என்பது மௌனத்தின்..."

[மௌனத்தின் என்ன? எனக்கும் தெரியவில்லை. மேலே போவோம்.]

மூன்றாம் முயற்சி: "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

இது பரவாயில்லை. மாப்பிள்ளை வாழ்க்கையில் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். பஸ்ஸில், லிஃப்டில், மாடிப்படித் திருப்பத்தில் அந்தப் பெரிய பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் கெஞ்சியிருக்கிறார். ஆல்பத்துக்கும் அதையே பெயராக வைத்துவிட்டார். இருக்கட்டும், கதை இங்கேயே தொடங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

3

இவரைக் கதாநாயகனாக்குவது பெரும்பாடு. கோபம் இல்லை, பொறாமை இல்லை, குடி இல்லை. கதை எழுதுகிறவன் பிழைக்க வேண்டாமா?*

* ஒரு பிரதியில் இவரைத் தட்டை வீசி எறிய வைத்தேன். படித்த தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "அவரா எறிவாரு? கழுவித் துடைச்சு அடுக்கியிருப்பாரு." அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

பேஸ் வாசிப்பவரின் வேலையே அடுத்தவரைத் தாங்குவதுதான். அவர் நின்றால் எல்லாம் ஆடிப்போகும், ஆனால் அவர் வாசிப்பதை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. இதற்கு மேல் விளக்கினால் கட்டுரையாகிவிடும், எனக்குக் கட்டுரைக்காரன் என்று கெட்ட பெயர் வேறு இருக்கிறது.

4

இனி நடந்தது. ஆல்பத்தின் கடைசி மெட்டை மாப்பிள்ளை தங்கச்சிக்காகப் போட்டிருந்தார். நடுவில் பியானோவும் டிரம்ஸும் சட்டென்று நிற்க வேண்டும். அந்த இடம் பேஸுக்கு மட்டும். மனுஷர் தனக்கென்று எழுதிக்கொண்ட ஒரே இடம்.

வாசித்தார்கள். பியானோக்காரம்மா கையை மடியில் வைத்துக்கொண்டார். டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி உறைந்தார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, டும் டும் டும் டும் என்று, யாரோ மேலே பாடிக்கொண்டிருக்கிற மாதிரி சீராகத் தாங்கிக்கொண்டே போனார். மேலே ஒருவரும் இல்லை. தனக்கான இடத்திலும் மனுஷர் பக்கவாத்தியம்தான் வாசித்தார். மற்ற இருவரும் திரும்பச் சேர்ந்துகொண்டார்கள், மெட்டு முடிந்தது.

"நல்லா வந்துச்சா?" என்று கண்ணைத் திறந்தார்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். மைக்கை அழுத்தி, மரியாதையாகத்தான் கேட்டார்.

"வந்துச்சு சார். ஆனா யாருக்கு வாசிச்சீங்க?"

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. பதிவைப் போட்டுக் கேட்ட பிறகுதான் அவருக்கே புரிந்தது.

5

தங்கச்சி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கண் பரிசோதனையும் அவளே செய்வாள். அந்தப் பதிவை மாப்பிள்ளை அவளுக்கு அனுப்பி, கடைசி மெட்டை ஆல்பத்திலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். அவள் கடையிலேயே சத்தமாக ஓடவிட்டாள். நானும் மாப்பிள்ளையும் கண்ணாடி ஃபிரேம்கள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் நின்றோம்.

ஒரு பெரியவர் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தது. டும் டும் டும் டும். பெரியவர் கண்ணாடியைக் கழற்றாமலே ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார். எந்தப் பாட்டோ, சுருதியும் சரியில்லை. ஆனால் அந்த பேஸ் அவரை அப்படியே ஏந்திக்கொண்டது.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். "மச்சான், அப்படியே விட்டுடலாம். கேக்கறவங்க பாடிக்கட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன அழகான முடிவு, கதையை இங்கேயே முடித்துவிடலாம் என்று பேனாவை மூடப் போனேன்.

"கிழிச்சீங்க," என்றாள் தங்கச்சி அவரைப் பார்த்து. "பியானோவுக்குப் பின்னாடி ஒளிஞ்சீங்க. டிரம்ஸுக்குப் பின்னாடி ஒளிஞ்சீங்க. இப்ப கேக்கறவங்களுக்குப் பின்னாடியா? என் பேர்ல போட்ட மெட்டு இது. உங்க மனசுல என்ன இருக்குன்னு ஒரு தடவை நான் கேக்க வேணாமா?"

பெரியவர் முணுமுணுப்பதை நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளை பியானோக்காரம்மாவுக்கு போன் போட்டார்.

பியானோக்காரம்மா ஊருக்குக் கிளம்ப ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் ஒரே ஒரு முறை திரும்ப வாசிக்கலாம். எது வருகிறதோ அதுதான் ஆல்பத்தில்.

6

அன்று ராத்திரியே முடிவு எழுத உட்கார்ந்தேன். தங்கச்சி கண் பரிசோதிக்கும்போது கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பாளே, அதே மாதிரி அவளுக்கே ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

முதல் கண்ணாடி: மாப்பிள்ளை பொங்கி எழுகிறார். பிரளயம் மாதிரி வாசிக்கிறார். ஒலிப்பதிவாளர் அழுகிறார்.

"மங்கல்," என்றாள். "அவரு பொங்குவாரா?"

இரண்டாவது: அந்த இடத்தில் ஒரு சாக்ஸபோன்காரரைக் கூட்டி வருகிறார்கள்.

"இதைத் தயவுசெஞ்சு அவருகிட்ட படிச்சுக் காட்டாத. சந்தோஷமா ஒத்துக்குவாரு."

மூன்றாவது: அவர் மறுபடியும் பக்கவாத்தியமே வாசிக்கிறார். நீ புரிந்துகொள்கிறாய், அதுவும் ஒரு அன்புதான் என்று...

"நான் ஏன் புரிஞ்சுக்கணும்? எப்பவும் நான்தான் புரிஞ்சுக்கணுமா?"

[வாக்கியம் அங்கேயே நிற்கட்டும்.]

7

மறுநாள் மத்தியானம். நானும் ஒலிப்பதிவு அறையில் இருந்தேன், அதனால் இது கற்பனை இல்லை. [கதைக்குள் இப்படிச் சொல்வதற்கு என்ன மதிப்போ, அந்த மதிப்பை மட்டும் கொடுங்கள்.]

தங்கச்சி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை, இந்தப் பக்கம் அவள். பதிவுக்கு முன்னால் மைக்கை அழுத்தி, "என்னைத் தெரியுதா?" என்று கேட்டாள். அவர் தலையசைத்தார்.

வாசித்தார்கள். அந்த இடம் வந்தது. பியானோக்காரம்மா கையை மடியில் வைத்துக்கொண்டார். டிரம்ஸ்காரர் உறைந்தார். மாப்பிள்ளை இந்த முறை கண்ணை மூடவில்லை. தங்கச்சியையே பார்த்துக்கொண்டு கம்பியில் விரலை வைத்தார்.

என்ன வாசித்தார் என்று எனக்குத் தெரியும். எழுதியும் வைத்தேன், பிறகு அடித்துவிட்டேன். தொடக்கத்திலிருந்து நான்தான் பேசிக்கொண்டே இருக்கிறேன். இந்த இடத்திலும் நானே பேசினால் அது மாப்பிள்ளைக்குச் செய்கிற துரோகம், தங்கச்சியும் என்னைச் சும்மா விடமாட்டாள்.

அதனால் ஓர் உதவி செய்யுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த பேஸை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏதாவது முணுமுணுக்கத் தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள். அவர் உங்களைத் தாங்குவார், அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தங்கச்சி பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள்.

இல்லை, நீங்கள் கொஞ்சம் சும்மா இருந்தால் அவர் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?