ஏரியில் விழப் போயிருக்கிறேன்

1

இத்தனை பேர் பார்க்க விழுவதற்கு, யாரும் பார்க்காதபோது விழுந்து தொலைத்திருக்கலாம்.

இது தையற்காரி மனதுக்குள் நினைத்தது. உறைந்த ஏரியில் ஐஸை ரம்பத்தால் அறுத்து, கட்டில் அகலத்துக்குத் துவாரம் போட்டிருந்தார்கள். அதன் விளிம்பில் நின்றாள். முதுகில் கயிறு. கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட இரண்டு மரப்பிடிகள், நுனியில் ஆணியோடு.

அந்தச் சனிக்கிழமை நான் அங்கே இல்லை. எனக்கு இந்தக் கதை தொடங்கியது ஒரு பூட்டிய கடை வாசலில். ஜிப் மாற்றக் கொடுத்த என் கோட்டை வாங்கப் போயிருந்தேன். கதவில் ஒரு அட்டை தொங்கியது: ‘ஏரியில் விழப் போயிருக்கிறேன். திங்கட்கிழமை வரவும்.’

திங்கட்கிழமை போனேன். ஜிப் தயாராக இருந்தது. அவளும் முழுசாக இருந்தாள்.

“விழுந்தீங்களா?”

“விழறதுக்கென்ன, நல்லாவே விழுந்தேன். ஏறத்தான் வரல” என்று சொல்லிவிட்டு, என் கோட்டை மடித்துக் கொடுத்தாள். அவள் முகத்தில் இருந்தது வெட்கமா கோபமா என்று கண்டுபிடிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஏரி ஒரு பெரிய கண்ணாடியைப் போல—’

வேண்டாம். ஏரி கண்ணாடி மாதிரி இல்லை. கழுவாத சிமென்ட் தரை மாதிரி, கறை கறையாக இருந்தது.

இரண்டாவது: ‘அடக்கப்பட்ட ஒரு பெண்ணின் முப்பதாண்டு மௌனம் அந்தப் பனிக்கடியில்—’

இதை அவளிடமே படித்துக் காட்டினேன். உதட்டில் குண்டூசியை வைத்துக்கொண்டே, “யாரும்மா என்னை அடக்கினது? எனக்கே தெரியாம?” என்றாள்.

எனவே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தில் குளிர்காலத்தில் எட்டுச் சனிக்கிழமை இலவச வகுப்பு நடக்கிறது. ஈர விறகில் நெருப்பு மூட்டுவது, வரைபடம் பார்த்து நடப்பது, பனியைத் தோண்டி அதற்குள் படுப்பது, கடைசி இரண்டு வாரம் ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுந்தால் ஏறி வருவது. நடத்துகிறவள் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவள். பேசுவதைவிட ஊதுவது அதிகம் என்பதால் எல்லோருக்கும் அவள் ‘விசில்’.

வகுப்பு முடிந்ததும், ஏரியைக் கடந்து மூன்று நாள் நடைக்கு விசில் ஆட்களைக் கூட்டிப்போவாள். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. துவாரத்திலிருந்து தானாக ஏறி வந்திருக்க வேண்டும். யார் கையையாவது பிடித்து வந்தால் சூடான டீ உண்டு, கம்பளி உண்டு, நடை கிடையாது. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

தையற்காரிக்கு அந்த நடை வேண்டும். ஏன் என்று மூன்று பத்தி எழுதிக் கிழித்தேன். அவள் சொன்னது இரண்டே வரி: “இதுவரைக்கும் நான் வெளியூர் போனதெல்லாம் கல்யாணம், பிரசவம், சாவு. மூணு நாள் யாருக்கும் எதுக்கும் நான் வேண்டாம்னா எப்படி இருக்கும்னு பார்க்கணும்.”

3

[கணவரைப் பற்றிய பகுதி. நான்கு தடவை எழுதியது.]

அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இப்படிப்பட்ட கதையில் தடுக்க ஒரு ஆள் தேவை என்று அவரை வில்லனாக்கினேன். அவர் ஒத்துழைக்கவில்லை.

“கோடையில கூட வெந்நீர் கேக்கறவ, ஏரியில குதிக்கப் போறியாமே?”

“குதிக்கலீங்க, விழப்போறேன்.”

“ரொம்ப வித்தியாசம்! சரி, எதுக்கு இலவசமாம்? யாராவது சும்மா ஆளைப் புடிச்சுத் தண்ணியில தள்ளுவாங்களா?”

“நாங்களேதான் விழறோம். யாரும் தள்ளலை.”

“அது வேறயா!”

இவ்வளவும் பேசிவிட்டு மறுநாள் டியூட்டி முடிந்து வரும்போது இரண்டு பெரிய பூத்துண்டு வாங்கி வந்து அவள் பையில் வைத்துவிட்டார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன வில்லத்தனம் பண்ண முடியும்?

4

அவள் இந்த வகுப்புக்கென்றே ஒரு கோட் தைத்தாள். ஆறு பைகள். நீர் புகாத துணியில் இரட்டை மடிப்பு, மூலைகளில் மூன்று சுற்றுத் தையல். தீப்பெட்டிக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று, மீதி என்ன கிடைக்கிறதோ அதற்கு. வகுப்பே கண் வைத்தது. விடுதிச் சமையற்காரரும் மருந்துக்கடைக்காரம்மாவும் பல் மருத்துவரும் ஆளுக்கொன்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கோட்டோடுதான் விழுந்தாள்.

“மூச்சு! மூச்சைப் பாருங்க அக்கா!” விசில் மண்டியிட்டுக் கத்தினாள். “அவசரமே இல்ல. முதல் நிமிஷம் மூச்சுக்கு மட்டும். இப்ப திரும்புங்க. வந்த பக்கம், வந்த பக்கம்! அந்தப் பக்கத்து ஐஸ்தான் இவ்வளவு நேரம் உங்களைத் தாங்குச்சு!”

திரும்பினாள். ஆணிகளை ஐஸில் குத்தினாள். சொல்லிக்கொடுத்தபடி காலை உதைத்து உடம்பைப் படுக்கவாட்டில் கொண்டுவந்தாள். மார்பு மேலே வந்தது. இடுப்பு வரவில்லை. ஏதோ நாலைந்து குழந்தைகள் கோட்டைப் பிடித்துக் கீழே இழுப்பது போல இருந்ததாம். மூன்று முறை முயன்றாள். நான்காவது முறை விரல்கள் சொன்னதைக் கேட்கவில்லை. விசில் கையை நீட்டினாள், இவள் பிடித்துக்கொண்டாள்.

அவள் தைத்த கோட்டைப் போட்டிருந்த மற்ற மூன்று பேரும் ஏறவில்லை. ஆளாளுக்குத் தங்கள் கையையும் வயதையும் குறை சொல்லிக்கொண்டு டீ குடித்தார்கள்.

5

வீட்டுக்கு வந்து கோட்டைக் குளியலறைக் கொக்கியில் மாட்டத் தூக்கினாள். ஒரு கையால் முடியவில்லை. பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு வரை தண்ணீர். ஆறு பைகளையும் கவிழ்த்ததில் வாளி பாதி நிறைந்தது.

“தண்ணிக்குள்ள இருந்தப்ப கனமே தெரியலம்மா. மேல வந்தப்பதான் இழுத்துது. நான் தைச்ச தையல், ஒரு சொட்டு ஒழுகல பாரு!” என்று என்னிடம் சொன்னபோது, அவளுக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்தே வந்தன.

(‘பெண்கள் காலங்காலமாகச் சுமந்துவரும் பைகளெல்லாம்—’

இல்லை. அது பை. அதில் தண்ணீர் நின்றது. அவ்வளவுதான்.)

கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு பையின் அடிமூலையிலும் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை வெட்டி ஓரம் அடித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் தட்டோடு எழுந்து வந்தார்.

“ஏய், உனக்கென்ன ஆச்சு? நல்ல கோட்டுல யாராவது ஓட்டை போடுவாங்களா?”

“உள்ள போன தண்ணி வெளிய வரணும்ல.”

“அப்ப தீப்பெட்டி?”

“அது மேல் பையில, டப்பாவுல.”

அவர் ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, “என் யூனிஃபார்ம் கோட்ட மட்டும் விட்டுரு” என்றார்.

6

அடுத்த சனிக்கிழமை நானும் போனேன். பட்டியலில் பெயர் கொடுத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என் முறை வந்தபோது, குறிப்பெடுக்க வேண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். கரையில் நின்று குறிப்பெடுத்தேன். அன்று அங்கே நனையாமல் இருந்தது நானும் என் நோட்டும்தான்.

தையற்காரி ஐஸ் மேல் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தான் தைத்த மூன்று கோட்டுகளையும் முதலில் வெட்டினாள். காரணத்தையும் மறைக்கவில்லை. “உங்க கையில கோளாறு இல்ல. என் தையல்லதான் கோளாறு. போன வாரம் உங்களைப் புடிச்சு இழுத்தது நான்தான்.”

“அடிப்பாவி!” என்றார் சமையற்காரர். “ஒரு வாரமா உடம்பைக் குறைக்கிறேன்னு பட்டினி கிடந்தேனே!”

விசில் குனிந்து துளைகளைப் பார்த்தாள். “பன்னெண்டு வருஷமா சொல்லித் தரேன். இது எனக்குத் தோணல அக்கா.” தன் கோட்டையே கழற்றி நீட்டினாள். “இதையும் வெட்டுங்க.”

அப்புறம் விழுவதற்கு வரிசை கட்டி நின்றார்கள். சமையற்காரர் விழுந்தார், ஏறினார். மருந்துக்கடைக்காரம்மா ஏறி, உருண்டு, படுத்தபடியே கைதட்டிக்கொண்டாள். பல் மருத்துவர் பல் கிட்டிக்கொண்டு ஏறினார். ஒவ்வொருவர் வெளியே வந்தபோதும் கோட்டிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது. நாங்கள் அதற்கே கத்தினோம்.

கடைசியில் தையற்காரி எழுந்து கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்தாள்.

7

முடிவுகள். என்னிடம் மூன்று இருந்தன.

அ) ‘கயிறு அறுந்தது. அவள்—’ இது ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டது. “செத்துட்டா அழுத்தமா நிக்கும்” என்றார். “அவங்ககிட்ட என் பாவாடை தைக்கக் கிடக்கு, முடியாது” என்றேன்.

ஆ) மூன்றாம் நாள், பனிக்காட்டில், தனியாக, கையில் தேநீரோடு. இதை எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் வந்தது. ஆனால் அங்கே யாருக்கும் அவள் வேண்டாம்; நான் மட்டும் கூடவே நின்று வர்ணித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது அதுவல்ல.

இ) கண்ணால் பார்த்தது. அதையும் முழுக்கச் சொல்லப் போவதில்லை. தண்ணீரில் இறங்காத நான் அவளை வெளியே கொண்டுவருவதா? பார்த்ததில் ஒரு நொடி வரைக்கும் தருகிறேன். அதற்கப்புறம் உங்கள் பொறுப்பு.

விழுந்தாள். மூச்சு வந்தது. வந்த பக்கம் திரும்பினாள். ஆணி, உதை, ஆணி. மார்பு ஏறியது. இடுப்பு ஏறியது. ஆறு பைகளும் ஊற்றின. ஒரு கால் மேலே வந்து கிடந்தது. மற்றதை இழுக்கும்போது விளிம்பில் ஒரு துண்டு உடைந்தது, பெரிய சத்தத்தோடு.

வேடிக்கை பார்க்க வந்து, ஐஸில் கிழித்த எல்லைக்கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொல்லியிருந்த கணவர் அங்கே இல்லை. நிபந்தனையெல்லாம் அவருக்குத் தெரியும். அந்தச் சத்தத்தில் மறந்துவிட்டார். குப்புறப் படுத்து, வயிற்றால் வழுக்கிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே போய்க் கையை நீட்டினார்.

“புடி! கையைப் புடிடி!”

விசில் ஊதவில்லை. அந்தக் கை ஒரு சாண் தூரத்தில், கையுறைகூட இல்லாமல், நீண்டிருந்தது.

தையற்காரி அதைப் பார்த்தாள். நல்ல கை, முப்பத்தொரு வருஷமாகத் தெரிந்த கை. பிறகு ஆணியை அதற்குப் பக்கத்தில் குத்தினாள்.

“வேணாங்க” என்றாள் மெதுவாக. “கொஞ்சம் தள்ளிப் படுங்க. நான் வர்ற வழியில இருக்கீங்க.”