மரத்துக்கு முந்திய நிழல்

மேலப்பாளையத்தை ஒட்டிய ஆற்றங்கரையில், ஒரு மரம்கூட இல்லாத பொட்டலில், மருத மர நிழல் விழத் தொடங்கியது ஒரு சித்திரை மாத வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து தக்காளி விலையைத் திட்டிக்கொண்டு வந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, தக்காளி விலையை அதன் கீழே நின்று தொடர்ந்து திட்டினார்கள்.

காரணம் ஸமீஹா. சாலையை அகலப்படுத்தப் பழைய மருத மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்த பிறகு, அங்கே பூங்கா அமைக்க வரைபடம் போட்டவள் அவள். எங்கே மரம், எங்கே நடைபாதை, வெள்ளம் வந்தால் தண்ணீர் எங்கே ஒதுங்கும் என்று நிலத்தைத் திட்டமிடுவது அவள் படித்த படிப்பு. ஊருக்கு அவள் ‘பூங்கா போடுற பிள்ளை’. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நடப்போகும் கன்றை வரைய மாட்டார்கள். பல வருஷம் கழித்து அது விரிந்து நிற்கும் அகலத்துக்கு வட்டம் போடுவார்கள். ஸமீஹாவும் அப்படித்தான் போட்டாள். படத்துக்கு ஒப்புதல் கிடைத்த மறுநாள் ஒவ்வொரு வட்டத்துக்கும் உரிய இடத்தில் நிழல் வந்துவிட்டது.

ஊருக்கு ஒரே கொண்டாட்டம். தறிக்காரர்கள் தூக்குச்சட்டியோடு வந்து சாப்பிட்டார்கள். காற்றடித்தால் நிழல் அசைந்தது. காக்கை மட்டும் வரவில்லை. உட்காரக் கிளை வேண்டுமே. ஸமீஹாவுடைய வாப்பா அகமது மீரான் சவூதியில், தம்மாமில் கட்டட வேலை பார்த்து, அந்த வெயிலுக்கே சிறுநீரகத்தைப் பறிகொடுத்துத் திரும்பியவர். வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்த மனுஷர், விடியலில் அங்கே போய் அந்தி சாய்ந்ததும் திரும்பலானார். முகத்தில் களை வந்தது. ஸமீஹாவுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

கன்றுகள் லாரியில் வந்ததும்தான் வினை தொடங்கியது. “நிழலுக்குத்தானேம்மா மரம்? அதான் நிழல் வந்துட்டுல்லா” என்றார் மாநகராட்சிப் பொறியாளர் கோபாலசுப்பிரமணியன். கெட்ட மனுஷர் இல்லை. வேலை குறைந்ததில் அவருக்கு நிம்மதி. கன்றுகள் அலுவலக முற்றத்தில் காய்ந்தன. ஸமீஹா ஒன்றை எடுத்துவந்து, வாப்பா உட்காரும் இடத்தில் நட்டாள். சாலைக் கழிவு கொட்டி இறுகிப்போன அந்தப் பொட்டலில் ஈரம் மிஞ்சியிருந்தது அங்கே மட்டும்தான். வெயில் படாமல் கன்று வெளிறிச் செத்தது. வரப்போகும் மரத்தின் நிழலே அந்த மரத்தை வளரவிடவில்லை. என்ன கொடுமை இது!

அடுத்த கோடையில் ஓரத்து நிழல் ஒன்று பட்டுப்போனது. அதற்கடுத்த கோடையில் இன்னும் சில. நடாத மரம் எத்தனை காலத்துக்கு நிழல் தரும்? ஸமீஹா மனதைக் கல்லாக்கிக்கொண்டு, வாப்பா உட்காரும் இடத்து வட்டத்தைப் படத்தில் அழித்தாள். அங்கே வெயில் இறங்கியது. புதுக் கன்று நட்டாள். அது தளிர்விட்டது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாப்பாவே அதை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டார். “ஏட்டி, நீ பெரிய படிப்புப் படிச்சவ. இது நிழல் தர எத்தன வருசம் ஆவும்? அதுவரைக்கும் நான் எங்கன போயி இருக்க?” என்று கேட்டு அழுதார். அவளுக்கும் அழுகை வந்தது. அன்றைக்கே மறுபடி வட்டம் போட்டாள். நிழல் வந்தது. பட்டுப்போன மற்றவற்றுக்கும் வட்டம் போட்டுப் பார்த்தாள்; அவை வரவில்லை.

வாப்பா மௌத்தாகி இரண்டு கோடை ஆயிற்று. கடைசிவரை அங்கேதான் இருந்தார். இப்போது ஊருக்கு மிஞ்சியிருப்பதும் அந்த ஒரு நிழல்தான். தடுக்க வாப்பா இல்லை, இந்த முறை அழித்தே தீருவது என்று போன மாதம் ஸமீஹா வரைபடமும் கன்றுமாக உச்சி வெயிலில் அங்கே போனாள். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

“வெயில்ல நிக்காத பிள்ளே” என்றாள் பக்கத்து வீட்டு நஃபீஸத். “அத அங்கன வச்சிட்டு இப்படி வா.”

கன்றை வெயிலில் வைத்துவிட்டு ஸமீஹா உள்ளே வந்து உட்கார்ந்தாள். குளுகுளுவென்றுதான் இருந்தது.