சார்ஜ் ஏறாத மணிக்கூடு

ஞாயிற்றுக்கிழமை பால் நிலையத்தில் வேலை முடிந்து வந்த யதுர்ஷிகா, கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றிச் சார்ஜரில் வைத்தாள். காந்தம் வழக்கம்போல இழுத்துப் பிடித்துக்கொண்டது. திரை மட்டும் எழும்பவில்லை. குளித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அது கறுப்பாகவே கிடந்தது.

அவளுடைய கணவன் குகதாசன் பிரான்சிலிருந்து அனுப்பிய மணிக்கூடு அது. அவன் பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறான். கலியாணம் முடிந்த கையோடு திரும்பிப் போனவன். அவளுடைய விசா இன்னும் சரிவரவில்லை. அதுவரைக்கும் அவள் வட்டக்கச்சியில் தாய் தகப்பனோடு இருந்து, காலையில் ஊரார் கொண்டுவரும் பாலை அளந்து வாங்குகிற பால் நிலையத்தில் வேலை செய்தாள். ஊருக்கு வந்த ஒரு சிநேகிதனிடம் மணிக்கூட்டைக் கொடுத்துவிட்ட குகதாசன், ஒரு சிம் வாங்கிப் போட்டால் போதும், மிச்சமெல்லாம் தான் அங்கிருந்தே சரிசெய்து தருவேன் என்றான். பால் கையோடு போனைத் தூக்காமல் அவனோடு கதைக்கலாம் என்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

அன்று பின்னேரம் அவன் போனில் வந்தான்.

"மணிக்கூட்டுக்கு என்ன நடந்தது?"

"சார்ஜ் ஏறேல்லையப்பா. வேலையால வந்த நேரம் தொடக்கம் வைச்சுப் பாக்கிறன்."

"பிளக்கை மாத்திப் பாத்தனீரோ?"

"பாத்தனான். குசினியிலயும் குத்திப் பாத்தனான். அப்பான்ர போன் சார்ஜரின்ர தலையையும் போட்டுப் பாத்தாச்சு."

"பக்கத்தில இருக்கிற பட்டனை நல்லா அமத்திப் பிடியும். விடாமல் பிடியும்."

அவள் விரல் நோகும்வரை அமத்திப் பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பின்பக்கத்தைத் துணியால் துடைக்கச் சொன்னான். துடைத்தாள். வயரை மடிக்காமல் நேராக விடச் சொன்னான். அதையும் செய்தாள்.

"தண்ணிக்குள்ள விட்டிருப்பீர்," என்றான் அவன். "உமக்கு ஒரு சாமானை வைச்சிருக்கத் தெரியாது."

தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லித் தந்தவனே அவன்தான்.

திங்களும் அதே கதை. முதலாவது கேள்வியே மணிக்கூடுதான். சாப்பிட்டீரோ என்றுகூடக் கேட்கவில்லை. "வேணுமெண்டு கழட்டி வைச்சிருக்கிறீரோ?" என்று அவன் கேட்டபோது அவளுக்கு முகம் சுட்டது.

"ஏன் நான் வேணுமெண்டு கழட்டி வைக்கோணும்?"

"பிறகென்ன? சனிக்கிழமை நெடுங்கேணியில நிக்கேக்க நல்லாத்தானே வேலை செய்தது."

யதுர்ஷிகா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சனிக்கிழமை நெடுங்கேணிக்குப் போனது உண்மை. கூடப் படித்த சாரங்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு இருட்டமுதல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று குகதாசனுக்கு இரண்டு வேளை வேலை. அவன் போன் எடுத்துக் கதைக்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

"நான் நெடுங்கேணிக்குப் போனதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

மறுமுனையில் பாத்திரங்கள் உரசுகிற சத்தம் கேட்டது.

"அம்மா சொன்னவா," என்றான். "சரி, வேலைக்குக் கூப்பிடுறாங்கள். பிறகு எடுக்கிறன்."

குகதாசனின் தாய் அழகம்மா விசுவமடுவில் இருக்கிறாள். யதுர்ஷிகா உடனேயே அவளுக்கு எடுத்து, ஒன்றும் தெரியாதவள்போல நெடுங்கேணிக் கதையைத் தொடங்கினாள்.

"நெடுங்கேணிக்கோ? எப்ப பிள்ளை போனனீ?" என்று மாமி கேட்டாள். "சாரங்காவுக்குப் பிள்ளை பிறந்திட்டுதோ? பெடியனோ, பெட்டையோ?"

அடுத்த நாள் பால் நிலையத்திலிருந்து நேரே கிளிநொச்சிக்கு பஸ் ஏறினாள். மணிக்கூடும் சார்ஜரும் கைப்பைக்குள் இருந்தன.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட பிரியந்தினி என்ற பெண் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறாள். அவள் மணிக்கூட்டைத் தொடவில்லை. முதலில் சார்ஜரைக் கையில் எடுத்தாள். வயருக்குள் கரண்ட் வருகிறதா என்று ஒரு சின்ன மீற்றரை வைத்துப் பார்த்தாள். பிறகு சார்ஜரின் முகத்தை விளக்குக்குக் கீழே பிடித்தாள்.

"இஞ்ச பாருங்கோ அக்கா. இதில ரெண்டு ஊசி இருக்கோணும். ஒண்டு உள்ளுக்கை போய் இறுகிப்போச்சு. அது மணிக்கூட்டில முட்டாது. முட்டாட்டி எப்பிடி ஏறும்?"

மெல்லிய இடுக்கியால் அந்த ஊசியை மேலே இழுத்தாள். தூரிகையில் ஸ்பிரிட் தொட்டு அதைச் சுற்றித் துடைத்தாள். மணிக்கூட்டின் முதுகிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பால் நிலையத்தில் கேன் கழுவுகிற சவர்க்காரமாக இருக்கலாம். அதையும் துடைத்து இரண்டையும் சேர்த்து வைத்தாள். மணிக்கூடு ஒருமுறை அதிர்ந்து, திரையில் பச்சைக் கோடு வந்தது.

யதுர்ஷிகா பெருமூச்சு விட்டாள். தான் ஒன்றும் உடைக்கவில்லை என்று அவனுக்குச் சொல்லலாம்.

எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் திரையைத் தட்டிக்கொண்டிருந்த பிரியந்தினி, சட்டென்று விரலை எடுத்தாள்.

"இது உங்கட பிள்ளையின்ரயோ அக்கா?"

"எனக்குப் பிள்ளையள் இல்லை. இது என்ரதான்."

"இல்லை, இது பிள்ளையளுக்குப் போடுற மாதிரியெல்லோ பதிஞ்சு கிடக்கு." அவள் கதிரையை இழுத்துக் கிட்ட வந்து திரையைக் காட்டினாள். "பாதுகாவலர் எண்டு குகன் எண்ட ஆளின்ர போன் கிடக்கு. நீங்கள் நிக்கிற இடம் எப்பவும் அவருக்குப் போகும். இந்த ரெண்டு வட்டத்தையும் பாருங்கோ. ஒண்டு வீடு போல. மற்றது?"

"பால் நிலையம்."

"இந்த ரெண்டையும் விட்டு வெளிய போனீங்களெண்டா அவருக்கு ஒரு மெசேஜ் போகும்."

பிள்ளையின் வயது என்ற இடத்தில் பத்து என்று இருந்தது. யதுர்ஷிகாவுக்கு இருபத்தெட்டு வயது.

"இன்னும் ஒண்டு இருக்கு," என்று பிரியந்தினி தயங்கினாள். "சின்னப் பிள்ளையள் துலைஞ்சு போனா எண்டு இதில ஒரு வசதி வைச்சிருக்கிறாங்கள். அவர் அங்கயிருந்து எடுத்தா, மணிக்கூடு சத்தம் போடாமல் தானாத் திறக்கும். பக்கத்தில கதைக்கிறதெல்லாம் அவருக்குக் கேக்கும். அதுவும் போட்டுத்தான் கிடக்கு."

வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி போனது. யதுர்ஷிகாவுக்கு அது தூரத்தில் கேட்பதுபோல இருந்தது.

ஆனி மாதத்தில் ஒருநாள் குசினியில் தாயிடம் மனம்விட்டுக் கதைத்திருந்தாள். அவர் என்ர வேலையைப் பற்றி ஒருநாளும் கேக்கிறேல்லை அம்மா, எனக்கு ஒரு வேலை இருக்கெண்டே அவருக்கு நினைப்பில்லை என்று சொல்லிக் கண் கலங்கினாள். அடுத்த நாளே குகதாசன், "இண்டைக்கு எத்தினை பேர் பால் கொண்டந்தவை?" என்று கேட்டான். சொல்லாமலே என் மனதை அறிகிற மனிசன் என்று அவள் பூரித்துப் போனாள். சாரங்காவிடம்கூடப் பெருமையாகச் சொன்னாள். இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவன் மனதை அறியவில்லை. ஒட்டுக்கேட்டிருக்கிறான்.

"வேற ஆக்களும் இப்பிடிக் கொண்டு வந்தவையோ?"

"வந்தவை," என்றாள் பிரியந்தினி. "ஒரு அக்காவுக்குச் சொன்னன். அண்டைக்குப் பின்னேரமே அவவின்ர தமையன் வந்து கடையில நிண்டு சத்தம் போட்டவர். அதுக்குப் பிறகு நான் வாய் திறக்கிறேல்லை. ஆனா உங்கட வயசைப் பத்து எண்டு போட்டிருக்கிறதைப் பாக்க, எனக்குச் சொல்லாமல் இருக்கேலாமல் போச்சு."

யதுர்ஷிகா அங்கேயே இருந்து குகதாசனுக்கு எடுத்தாள்.

"சார்ஜ் ஏறீட்டுதோ?" என்று அவன் கேட்டான்.

"ஏறீட்டுது. சார்ஜரில ஒரு ஊசி இறுகிக் கிடந்தது. நான் தண்ணிக்குள்ள விடேல்லை." அவள் மணிக்கூட்டைக் கையில் எடுத்தாள். "எனக்கு எத்தினை வயசு?"

"இதென்ன கேள்வி?"

"மணிக்கூட்டில பத்து எண்டு கிடக்கு. நான் உங்கட பெண்சாதியோ, நீங்கள் வளக்கிற பிள்ளையோ?"

அந்த மணிக்கூட்டை அப்படித்தான் பதியலாம், வேறு வழியில்லை என்றான். தான் அங்கே தனிய இருப்பதாகவும், ஊரில் நடக்கிற கதைகளைக் கேட்டால் நித்திரை வருவதில்லை என்றும் சொன்னான்.

"இஞ்ச பெடியள் எல்லாரும் வீட்டுக்காரிக்கு இதைத்தான் வாங்கி அனுப்புறவங்கள். நான் மட்டும் செய்த வேலையில்லை."

"எல்லாரும் செய்தா சரியோ? நான் அம்மாவோட கதைச்சதைக் கேட்டனீங்களோ, இல்லையோ? அதைச் சொல்லுங்கோ."

"எப்பவும் கேக்கிறேல்லை."

"எப்பவும் கேக்கிறேல்லை," என்று அவள் திருப்பிச் சொன்னாள். "எங்க போறன், ஆரோட கதைக்கிறன் எண்டு என்னட்டைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன். உங்களிட்ட எதை மறைச்சனான்? கேக்காமல் களவா எடுத்தனீங்கள். எடுத்துப்போட்டு, எனக்குச் சாமான் வைச்சிருக்கத் தெரியாதெண்டும் சொன்னனீங்கள். மாமி சொன்னவா எண்டு அவவின்ர தலையிலயும் பழியைப் போட்டனீங்கள்."

"யது, நான் சொல்லுறதைக் கேளும்."

"இவ்வளவு நாளும் கேட்டது போதும்," என்று அவள் போனை வைத்தாள்.

பிரியந்தினி மணிக்கூட்டை முழுவதும் அழித்து, யதுர்ஷிகாவின் போனோடு அவளுடைய பெயரிலேயே பதிந்து கொடுத்தாள். பழைய சிம்மைக் கழற்றி அவளுடைய கையில் வைத்தாள். கடை வாசலில் கிடந்த குப்பை வாளிக்குள் அதைப் போட்டுவிட்டு யதுர்ஷிகா பஸ் ஏறினாள்.

வீட்டில் தாய் பத்மாசனி நடந்ததைக் கேட்டுத் தலையில் கையை வைத்தாள். "விசா வருமட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்திருக்கலாம் பிள்ளை. அங்க போய்ச் சேந்தாப் பிறகு கதைச்சிருக்கலாம்."

"அங்க போனா நான் ஆரோடயம்மா கதைக்கிறது?" என்றாள் யதுர்ஷிகா. "இஞ்ச எண்டா எனக்கு நீங்கள் இருக்கிறியள்."

தகப்பன் ஏரம்பு மாட்டுக்குப் புல் வெட்டப் போகிற அவசரத்தில் நின்றார். "அவள் செய்தது சரி," என்றுவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

குகதாசன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. கிழமை முடிவில் அழகம்மா விசுவமடுவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். மகன் அழுதழுது கதைத்தானாம். வந்த களை ஆறமுதலே சமாதானம் பேசத் தொடங்கினாள்.

"ஆம்பிளை தனிய இருக்கிறான் பிள்ளை. நீ எண்டா உயிர். அந்தப் பயத்தில ஏதோ செய்துபோட்டான். பெரிசா எடுக்காத."

யதுர்ஷிகா தேத்தண்ணியை நீட்டினாள். "அவர் என்ன செய்தவர் எண்டு உங்களுக்குச் சொன்னவரோ மாமி?"

"மணிக்கூட்டில நீ நிக்கிற இடம் தெரியுமாம். அது நல்லதுதானே."

"இடம் மட்டுமில்லை. கதைக்கிறதும் கேக்கும். நான் மணிக்கூட்டோட இருக்கேக்க கிட்ட இருந்து ஆர் கதைச்சாலும் அவருக்குக் கேக்கும்."

அழகம்மா தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"போன மாசம் நான் இஞ்ச வந்தனான்."

"ஓம்."

"இந்தக் குசினியிலதான் இருந்தனான். அவனுக்குத் தேப்பன்ர கோவம், ஒருத்தரையும் நம்பான், உன்னை நினைச்சா எனக்குப் பாவமாக் கிடக்கு எண்டெல்லாம் உன்னட்டைச் சொன்னனான்."

"சொன்னனீங்கள்."

"அதுவும் கேட்டிருப்பானோ?"

"தெரியாது மாமி. நீங்கள்தான் கேக்கோணும்."

அழகம்மா கோப்பையை நிலத்தில் வைத்தாள். "போனை எடு," என்றாள். யதுர்ஷிகா எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

"டேய் குகன், நான் வட்டக்கச்சியில நிக்கிறன். போன மாசம் நானும் இவளும் கதைச்சதைக் கேட்டனியோ?" மறுமுனையில் அவன் என்ன சொன்னானோ, அழகம்மாவின் முகம் இறுகியது. "அதுதானோ ரெண்டு கிழமை என்னோட கதையாமல் இருந்தனீ? உனக்கு என்ன வருத்தமோ, என்னில என்ன பிழையோ எண்டு நான் கோயில் கோயிலாத் திரிஞ்சன். பெத்த தாய் வாய் திறக்கிறதையும் ஒளிச்சிருந்து கேக்கிற பிள்ளையையோ நான் வளத்தனான்?"

அவள் நெடுநேரம் கதைத்தாள். சமாதானத்துக்கு வந்தவள், யதுர்ஷிகா சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னாள். முடிந்ததும் போனை யதுர்ஷிகாவிடம் நீட்டினாள். "உன்னோட கதைக்கப் போறானாம். கதைக்கிறதும் விடுறதும் உன்ர விருப்பம்."

யதுர்ஷிகா போனை வாங்கிக்கொண்டு வேலியோரம் போனாள்.

"நான் செய்தது பிழை," என்றான் அவன். "வேறென்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"இப்ப ஒண்டும் சொல்ல வேண்டாம். எனக்கு இன்னும் கோவம் போகேல்லை. எப்ப போகுமெண்டும் தெரியாது."

"விசாக் கதை?"

"அது வரட்டும். வந்தாப் பிறகு, வாறதோ இல்லையோ எண்டு நான் யோசிச்சுச் சொல்லுறன்."

அவன் சரி என்றான். பிறகு, முதன்முறையாகக் கேட்பவன்போல, "நாளைக்கு உமக்கு என்ன வேலை?" என்று கேட்டான்.

காலையில் பால் நிலையம், பின்னேரம் மாமியை விசுவமடுவில் கொண்டுபோய் விடுவது என்று அவள் சொன்னாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.