சிவப்புப் பென்சில் முதலில்

அன்று மழை பெய்ததா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அக்காவைக் கேட்டால் பெய்தது என்பாள். அவள் அங்கே இல்லவே இல்லை. மணி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பன்னிரண்டு. நான்கு மணிக்குள் கையேட்டை அச்சுக்குத் தயாராக்க வேண்டும்.

எழுதியவர் மாமா, அக்காவின் கணவர், எங்கள் கம்பெனியின் தலைமை இன்ஜினியர். அறுவை சிகிச்சைக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கான கையேடு, அறுபது பக்கம். உள்ளே நீராவி இருக்கும்போது கதவு தானாகப் பூட்டிக்கொள்ளாத மலிவு மாடல். நான் ஆறு மாதத் தற்காலிக எடிட்டர். இது சரியாக வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இன்றோடு சரி என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

என்னிடம் மூன்று பென்சில்கள். கையைச் சுடும் தவறுக்குச் சிவப்பு, வேலையை நிறுத்தும் தவறுக்கு நீலம், கண்ணை உறுத்துவதற்குக் கறுப்பு. இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை.

கையேட்டோடு கீழே போய், ஆறிக் கிடந்த இயந்திரத்தில் எழுதியிருந்ததை அப்படியே செய்துபார்த்தேன். பதினான்காம் படி, கதவைத் திற. திறந்தேன். நீராவியை முதலில் வெளியேற்ற வேண்டும் என்பது நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு குறிப்பாக இருந்தது. உள்ளே நீராவி இருந்திருந்தால் கை வெந்திருக்கும்; சிவப்புப் பென்சிலை எடுத்தேன்.

"திறக்கறவங்களுக்கு இதுகூடவா தெரியாது?" என்றார் பின்னாலேயே வந்த மாமா.

"தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு மாமா கையேடு?"

நான் குறிப்பைத் தூக்கிப் பதினான்காம் படியாக வைத்தேன்.

நான்கு மணிக்குச் சிவப்பும் நீலமும் முடிந்திருந்தன. கறுப்பு, சீவியபடியே என் காதில் இருந்தது. மேனேஜர் முன்னுரையைப் படித்தார்.

"முதல் பக்கத்துலயே மூணு தப்பு. ஆறு மாசமா பென்சில் மட்டும்தான் சீவினியாம்மா?"

அச்சுக்கு முன் வெளியாள் ஒருவர் இயக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த இயந்திரத்தையே பார்த்திராத நர்ஸ் ஒருவர் வந்தார். இந்த முறை உள்ளே நிஜமான நீராவி. வரிமேல் விரல் வைத்துச் சத்தமாகப் படித்தார்.

"பதினாலு. வால்வைத் திற. அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திரு."

சீறல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. பிறகு கதவைத் திறந்தார்.

"யாரையும் கேக்காம ஒரு மெஷினை நான் முடிச்சது இதான் முதல் தடவை," என்றார்.

மாமா என் காதிலிருந்து கறுப்புப் பென்சிலை எடுத்தார். நின்றபடியே முன்னுரையின் மூன்று தவறுகளையும் திருத்தினார்.

எனக்கு வேலை நிரந்தரமானது. மேனேஜர் ஓய்வுபெற்றுவிட்டார். நர்ஸ் இப்போது தலைமை நர்ஸ். மாமா எதை எழுதினாலும் முதலில் கீழே போய்ச் செய்துபார்க்கிறார். அக்கா இன்னும் மழை பெய்தது என்றே சொல்கிறாள்.