இரண்டாவது சாட்சியின் இடம்

1

தாராவிப் பெண்கள் கபடிக் குழு ஒரு பக்கம் கேட்டதால் இதை எழுதுகிறேன். அவர்களுடைய கோச், ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ராஜபாண்டி, போன மாதம் இறந்துபோனார். நினைவு மலர் போடுகிறார்கள். தமிழில் எழுத நான்தான் கிடைத்தேன். நான் அவருடைய மருமகன். அவருடைய மகள், என் மனைவி கோகிலவாணி, இரண்டு வருடத்துக்கு முன்பே இறந்துவிட்டாள்.

முதல் தொடக்கம்: 'கண்டிப்பும் கனிவும் ஒருங்கே அமைந்த...'

வேண்டாம். எல்லா மலரிலும் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது: 'வாணி போன பிறகும் ஞாயிறுதோறும் பயிற்சி முடித்து, வியர்வையோடு, தேவ்நாரில் என் வீட்டுக்கு மீன் வாங்கி வருவார். அவர் ஆய்வார். நான் சோறு வைப்பேன்.'

இது உண்மை. ஆனால் இதற்குமேல் நகரவில்லை.

2

எதை எழுத வேண்டும் என்று அத்தைக்கு, வாணியின் அம்மாவுக்கு, தெரிந்திருந்தது.

"மாப்ள, வாணி போறப்ப அவிய பக்கத்துல இருந்தாவன்னு எழுதிருங்க."

"இல்லையே அத்தை."

"இல்லன்னு எனக்குத் தெரியாதா? மவ சாகக் கெடக்கா, இவிய வெளாட்டுக்குப் போனாவன்னு சொந்தக்காரவுக இன்னும் பேசுதாவ. அந்தப் பேச்சு இதோட ஒழியட்டும்."

"அவதான் போகச் சொன்னா."

"அவியள நீங்க விட்டுக்குடுக்க மாட்டிய."

இந்த இரண்டு வருடமும் அத்தை மாமாவுக்குச் சோறு வைத்தார். பேசவில்லை. 'நீங்களே சொல்லலாமே மாமா' என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் அக்யூஸ்டுல்லா மாப்ள? என் பேச்சு எடுபடுமா?" என்று மீனைத் திருப்பிப் போட்டார்.

3

நடந்தது இது. செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி. சாயங்காலம். அத்தை கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். அறையில் வாணி, மாமா, நான்.

"யப்பா, இன்னைக்கு ஃபைனல்லா?"

"அது கெடக்கு ட்டீ. பேசாம படு."

"நீங்க இல்லன்னா ஜோயா ரெய்டு போவ மாட்டா. கோட்டுப் பக்கமே டான்ஸ் ஆடிட்டு வந்துருவா. போங்க. ஜெயிச்சுட்டு வந்து சொல்லுங்க."

போனார். ஜெயித்தார்கள். அவர் திரும்பி வருவதற்குள்...

(வாணி இவ்வளவு கோவையாகப் பேசவில்லை. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினாள். அந்த இடைவெளிகளை நான் எடுத்துவிட்டேன். 'டான்ஸ்' அவளுடைய சொல்.)

4

போலீஸில் பஞ்சநாமா என்று ஒன்று உண்டு. சம்பவ இடத்தில் கண்டதை எழுதி, உடன் பார்த்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குவது. கோர்ட்டுக்கு அலைய யாருக்கு ஆசை? மாமாவைக் கண்டால் தாராவிக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குவார்களாம். 'ஏதாவது ஒரு பேரைப் போடுங்க சாப்' என்று கான்ஸ்டபிள் சொன்னாலும் கேட்க மாட்டார். ஒரு வடாபாவ்காரர் அகப்படும்வரை தெருவில் நிற்பார்.

அதே சட்டம் மைதானத்திலும். தொட்டாளா இல்லையா என்று பிள்ளைகள் சண்டை போட்டால், பார்த்த இரண்டு பேர் வேண்டும்.

"ஒருத்தி சொன்னா அது வெறும் பேச்சு. ரெண்டு பேரு சொன்னாத்தான் பாயிண்ட்டு."

"அங்கிள், யே கபடி ஹை, கோர்ட் நஹீ!" என்று ஜோயா கத்துவாள்; இது கபடி, கோர்ட் இல்லையாம். பிறகு இரண்டாவது ஆளைத் தேடி ஓடுவாள்.

எனக்கு அப்படி ஓட இடமில்லை. வாணி சொன்னதைக் கேட்டவர்களில் மிச்சம் நான் மட்டும்.

5

முடிவு, ஒன்று: கதவருகே ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். அவளும் கேட்டாள். 'போங்க அங்கிள், நான் பார்த்துக்கறேன்' என்றாள்.

நன்றாக வந்தது. அத்தை நம்பியிருப்பார். கோடு போட்டு அடித்துவிட்டேன். கதவருகே யாரும் இல்லை.

முடிவு, இரண்டு: அத்தை சொன்னபடி. மாமா கட்டிலருகே இருக்கிறார், மகளின் கையைப் பிடித்திருக்கிறார். சொந்தக்காரர்கள் வாயை மூடுவார்கள். ஆனால் வாணி கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. இப்படி எழுதினால் அதை அவள் கேட்காமலே போய்விடுவாள். அவர் செய்யாமலே போய்விடுவார்.

மூன்றாவதை எழுத முடியாது. நாளைக் காலை இதை அத்தைக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அவர் சரி என்றால்தான் மலருக்குப் போகும். நம்புவாரா என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதக் கூடாது.

கீழே என் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் ஓர் இடம் விட்டிருக்கிறேன்.

இதை வாசிக்கும் நீங்கள் அந்த அறையில் இல்லை. வாணி சொன்னாள் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டால் மாமா ஏற்க மாட்டார். ஆனால் நான் நர்ஸை எழுதியதையும் அடித்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்தீர்கள்.

அதற்குப் போடலாம்.