ஜெரே சொன்ன புல்வெளி

மனிதன் நிலாவில் கால் வைத்தது உட்பட, உலகத்தில் பார்க்கத் தகுந்த எதையும் இதுவரை எவனும் பிறர் பரிந்துரையைக் கேட்டுப் போய்ப் பார்த்ததில்லை. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிட்வேயில் நான் படிக்கும் கல்லூரியின் சுவரிதழில் நீளமான கட்டுரையாக எழுதி, நிரூபித்து, ஒட்டியும் வைத்தேன். அன்று மாலை பெய்த மழையில் மசி கரைந்துபோனதால்தான் அந்த உண்மை ஸாம்பியாவைத் தாண்டிப் பரவவில்லை.

ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்டது ஃபேஸ்புக்கில் உள்ள ஒரு சுற்றுலாக் குழு. ஊர் சுற்றிவிட்டு வந்தவர்கள் அங்கே மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்வார்கள். ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று இடங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். மோசி-ஓ-துன்யா அருவிக்குப் போன ஒருவர், தண்ணீர் தாராளம், ஆனால் சட்டை நனைகிறது என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருந்தார். டங்கனீக்கா ஏரிக்குப் போனவருக்கு மறுகரை தெரியாதது ஏமாற்றம். அங்கே இரண்டு நட்சத்திரம் போயிற்று. இன்னொரு அம்மாள் சிங்கத்தைப் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் எழுதியது முழுக்க, வழியில் சாப்பிட்ட கம்பளிப்பூச்சி வறுவலில் உப்பு குறைவாக இருந்ததைப் பற்றி.

இவர்களை நம்பித்தான் என் அக்கா தன் வாழ்நாளின் முதல் சுற்றுலாவைத் திட்டமிட்டாள்.

அக்கா சிலுஃபியா எண்டோலாவில் ஒரு மருத்துவமனையில் செவிலி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பெரும்பாலும் இரவுப் பணி, பகலில் தூக்கம். அந்த வெள்ளிக்கிழமை அவள் அயர்லாந்துக்கு விமானம் ஏற வேண்டும். அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை. எப்போது திரும்புவாள் என்பது அவளுக்கே தெரியாது.

"அங்க போனா, உங்க ஊர்ல என்ன இருக்குன்னு கேப்பாங்கல்ல?" என்றாள். "நான் என்னடா சொல்லுவேன்? ஆறாம் நம்பர் வார்டு இருக்குன்னா? ஒண்ணாவது கண்ணால பாத்துட்டுப் போறேன். கசங்கா வௌவால் போதும்."

நவம்பர் வந்தால் காங்கோ பக்கத்திலிருந்து லட்சக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் கசங்காவின் சதுப்புக்காட்டுக்கு வந்து சேரும். பகலெல்லாம் அந்தச் சின்னக் காட்டில் தொங்கிவிட்டு, பொழுது சாயும்போது ஒன்றாகக் கிளம்பி மேயப் போகும். அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு மாலை. செவ்வாய்க்கிழமை மாலை. துணைக்கு நான்.

முபங்கா, சிலுஃபியா என்று எங்கள் இருவர் பெயரையும் போட்டுக் குழுவில் கேள்வி கேட்டாள். பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி: மரத்தின் மேல் கட்டியிருக்கும் மேடையில் ஏறிப் பாருங்கள். ஒரே ஒருவர் மட்டும் வேறு சொன்னார். அவர் பெயர் ஜெரே. குரல் பதிவாக அனுப்பி, கீழே தன் எண்ணையும் போட்டிருந்தார்.

"முபங்கா, சிலுஃபியான்னு பேரைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, குரங்கு தின்னிங்கன்னு. மரத்தைப் பாத்தா உங்களுக்குக் கை பரபரங்கும். இருந்தாலும் மேடைக்குப் போகாதீங்க. காட்டுக்குத் தெக்கால, தீ வச்ச புல்வெளி ஒண்ணு இருக்கு. ஆள் உயரத்துக்கு ஒத்தைக் கறையான் புத்து. அதுக்குப் பக்கத்துல வானத்தைப் பாத்து மல்லாந்து படுங்க. வாயை மூடிக்கிட்டுப் படுங்க. முக்கியம்."

ஜெரே என்றால் ங்கோனி இனத்துப் பெயர். நாங்கள் பெம்பா இனம். ஒரு காலத்தில் இரு தரப்புப் பாட்டன்களும் வெட்டிக்கொண்டு சலித்துப்போய், ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கேலியைக் கையில் எடுத்தார்கள். அன்றிலிருந்து எங்களுக்குள் கேலி முறை. அவர்கள் எங்களைக் குரங்கு தின்னி என்பார்கள், நாங்கள் அவர்களை எலி தின்னி என்போம். அமைச்சரானாலும் பாதிரியாரானாலும் தப்ப முடியாது, கோபித்துக்கொள்ளவும் கூடாது. முன்பின் தெரியாத ங்கோனி ஒருவர் பேருந்தில் என் கையிலிருந்த சோளக்கதிரைப் பிடுங்கித் தின்றிருக்கிறார். நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"அக்கா, இவன் நம்மளை வச்சு விளையாடறான்" என்றேன். "லட்சம் வௌவாலுக்கு அடியில மல்லாந்து படுன்னா என்ன அர்த்தம்? மேல இருந்து என்ன விழும்? அவன் இந்நேரம் பெண்டாட்டிகிட்ட சொல்லிச் சிரிச்சிக்கிட்டிருப்பான்."

"வாயை மூடிக்கச் சொல்றாரே."

"அதான் நம்ப வைக்கிற தந்திரம்."

அக்கா அவர் எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொண்டதைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை செரெஞ்சேயில் பேருந்து மாறி, காட்டு வாசலில் இறங்கியபோது பிற்பகல் ஆகிவிட்டது. மேடையில் இடமில்லை. ஒரு தேவாலயப் பாடகர் குழு சீருடையோடு வந்து மொத்தமாக ஏறியிருந்தது. ஃபேஸ்புக் குழுவில் மேடையைப் பரிந்துரைத்த அத்தனை பேரும் அங்கேயே இருப்பதாகத் தோன்றியது. என் கட்டுரைக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைத்திருக்காது.

"இப்ப என்னடா?" என்றாள் அக்கா.

நான் வரைபடத்தைப் பார்த்தேன். வௌவால் பழம் தின்னும். பழமரம் தண்ணீர் ஓரம் நிற்கும். ஆறு வடக்கே வளைகிறது. ஆகவே வௌவால்கள் வடக்கே போகும். இவ்வளவு எளிய விஷயத்துக்கு யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. வாடகைக்குக் கிடைத்த பிக்கப்பில் ஏறினோம். துப்பாக்கியோடு துணைக்கு வந்த வனக்காவலர் கலுங்கா வண்டியை ஓட்டினார்.

ஆற்று வளைவில் நின்றோம். ஓர் இருவாச்சி கத்தியது. சூரியன் மரங்களின் தலைக்கு இறங்கியது. வேறொன்றும் நடக்கவில்லை.

"அண்ணே, இந்தப் பக்கம் வருமா?" என்று அக்கா கலுங்காவிடம் கேட்டாள்.

"தெரியலைங்க. நான் லுவாங்வா காட்டுல இருந்து போன வாரம்தான் மாத்தலாகி வந்தேன். யானைன்னா எங்க வரும், எங்க மிதிக்கும், எல்லாம் சொல்லுவேன்."

"வௌவால்?"

"வௌவாலை நான் இன்னும் பாக்கலைங்க. நீங்க கூட்டிட்டுப் போவீங்கன்னு நினைச்சேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பொழுது சாய்கிற வேகத்தை மட்டும் பார்த்தாள்.

"அப்பா சாவு நினைவிருக்கா?" என்றாள்.

"இப்ப எதுக்குக்கா?"

"அவர் கூட வேலை பாத்த ங்கோனி ஒருத்தர் குழிக்குள்ள இறங்கிப் படுத்துக்கிட்டார். 'இது எனக்கு வெட்டின இடம், குரங்கு தின்னியை வேற எங்கயாவது கொண்டு போங்க'ன்னு. அம்மா அழுகையை விட்டுட்டுச் சிரிச்சாங்க. நினைவிருக்கா?"

"இருக்கு. நம்மளைக் கேலி பண்றதுதான் அவங்களுக்கு வேலைன்னுதானே நானும் சொல்றேன்."

"மண்ணு தள்ளி மூடினது யாரு? எல்லாரும் போனப்புறம் மண்வெட்டியைக் கழுவி வச்சது யாரு?"

அவரேதான். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அக்கா கைப்பேசியை எடுத்து அழைத்தாள். அங்கே ஒரே ஒரு கோடு சமிக்ஞை இருந்தது. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"எலி தின்னி ஜெரேவா?"

"ஆமா, யாரு, குரங்கு தின்னியா? இன்னும் மரத்துல இருந்து இறங்கலையா?"

"ஜெரே, எனக்கு இன்னைக்கு ஒரு நாள்தான். வெள்ளிக்கிழமை நாட்டை விட்டுப் போறேன். நீங்க சொன்னது கேலியா, நிஜமா?"

அந்தப் பக்கம் குரல் மாறியது.

"நிஜம்மா. என் பெண்டாட்டிக்கு முட்டி வலி, மேடையில ஏற முடியல. அழுதுக்கிட்டே புல்லுல உக்காந்தா, அப்புறம் படுத்துட்டா. அப்படித்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. இப்ப எங்க இருக்கீங்க?"

"வடக்கே, ஆத்து வளைவுல."

"வடக்கையா? யாரு சொன்னா?"

"என் தம்பி."

"அவனை அங்கயே விட்டுட்டு நீ கிளம்பு."

கலுங்கா அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தார். மனிதர் யானையிடமிருந்து தப்பிக்கிற வேகத்தில் ஓட்டினார். பின்னால் நின்ற நான் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சூரியனை இன்னும் கொஞ்சம் நிற்கச் சொல்லி மனசுக்குள் கெஞ்சினேன். யாரிடமும் எதையும் கெஞ்சிப் பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை.

கறையான் புற்று இருந்தது. கருகிய தரையில் புதுப்புல் விரல் உயரத்துக்கு முளைத்திருந்தது. மழைக்குப் பிந்தைய ஈரம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தாள். நானும் படுத்தேன். கலுங்கா மட்டும் துப்பாக்கியோடு நின்றார்.

காட்டுக்குள்ளிருந்து சந்தை மாதிரி ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. பிறகு அது நின்றது. ஒரே ஒரு வௌவால் மரங்களுக்கு மேலே வந்து, சும்மா ஒரு சுற்றுச் சுற்றியது.

"ஒண்ணு" என்றேன்.

"சும்மா இரு" என்றாள் அக்கா.

அதன்பின் காடு எழுந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மரங்களின் மேல் பாதி கழன்று வானத்துக்குப் போவது போல இருந்தது. கரும்புகை என்று நினைத்தேன். புகைக்கு இறக்கை இருந்தது. எங்கள் தலைக்கு மேல் வந்தபோது அஸ்தமனத்தின் வெளிச்சம் அந்த இறக்கைகளுக்குள் புகுந்து வந்தது. தோல் செம்மண் நிறத்தில் ஒளிர்ந்தது. அதற்குள் விரல் எலும்புகள் தெரிந்தன. நம் கை மாதிரியே, நீட்டி விரித்த கை. அப்படி ஆயிரம் கைகள், அவற்றுக்கு மேல் இன்னோர் அடுக்கு, அதற்கும் மேலே இன்னொன்று. எல்லாம் ஒரே திசையில், இடித்துக்கொள்ளாமல், அவசரப்படாமல்.

சத்தம் என்று பெரிதாக இல்லை. நூறு வீட்டில் ஒரே நேரத்தில் போர்வை உதறுகிற மாதிரி ஒரு மெல்லிய காற்று. அதில் அழுகிய பழத்தின் வாசனை. கொஞ்ச நேரத்தில் எனக்கு வானம் நிற்பது போலவும் தரைதான் நகர்வது போலவும் ஆகிவிட்டது. விழுந்துவிடுவேன் என்று புல்லைப் பிடித்துக்கொண்டேன். படுத்திருப்பவன் எங்கே விழுவது? ஆனால் பிடித்துக்கொண்டேன். மேடையிலிருந்து பார்த்திருந்தால் அது ஒரு காட்சியாக இருந்திருக்கும். இங்கே நாங்கள் அதற்கு அடியில் இருந்தோம், ஆற்றின் அடியில் கிடக்கும் கூழாங்கல் போல.

அக்கா கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கிற இடத்தில். அவளுக்கு அதுதான் பழக்கம்.

"முபங்கா" என்றாள். "முடியவே இல்லடா."

முடியவில்லைதான். இத்தனை உயிர் இந்த நாட்டில் தினமும் சாயங்காலம் கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கல்லூரிச் சுவரில் தாள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நினைப்பில் என் வாய் திறந்துகொண்டது. ஜெரே முக்கியம் என்று சொன்னது ஏன் என்பது அப்போது தெரிந்தது.

நான் துப்பி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, கலுங்காவும் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"யானை பெரிசுங்க" என்றார், யாரும் கேட்காமலே. "ஆனா இது..."

கடைசி வௌவால்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருட்டும் வரை நாங்கள் மூவரும் எழுந்திருக்கவில்லை.

அக்கா ஜெரேவை அழைத்தாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"வாயை மூடிக்கிட்டிருந்தீங்களா?"

"நான் மூடியிருந்தேன். தம்பி மூடல."

கசங்கா முழுக்கக் கேட்கிற மாதிரி அவர் சிரித்தார். பின்னால் ஒரு பெண் குரலும் சேர்ந்து சிரித்தது.

வெள்ளிக்கிழமை அக்கா போய்விட்டாள். இப்போது லிமெரிக் என்ற ஊரில் இருக்கிறாள். போன வாரம் அழைத்தபோது, அவள் வார்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் ஒரு முதியவர், உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டாராம். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கூரையைக் காட்டிக் காட்டி, ஊசி போடும் நேரம் தாண்டுகிற வரை சொல்லியிருக்கிறாள்.

"பக்கத்துக் கட்டில்காரரோட மகள் நவம்பர்ல வரணும்னு நிக்கறாங்கடா. எந்த இடம், எப்படிப் போகணும்னு கேக்கறாங்க. நீ அந்தக் குழுவுல எழுதிப் போடு, நான் காட்டறேன்."

"அக்கா, அந்தக் கூட்டத்துல நானா?"

"சரி, விடு. நான் ஜெரேவைக் கேட்டுக்கறேன்."

அவளுக்கு என்னைத் தெரியும்.

அறை நண்பன் குளிக்கப் போன நேரம் பார்த்து உட்கார்ந்தேன். செரெஞ்சேயில் எங்கே வண்டி மாறுவது என்பதிலிருந்து தொடங்கினேன். கறையான் புற்றுக்கு எந்தப் பக்கம் படுத்தால் அஸ்தமனம் இறக்கைகளுக்குப் பின்னால் வரும் என்பதை இரண்டு தடவை மாற்றி எழுதினேன். முட்டி வலிக்காரர்களும் தாராளமாகப் போகலாம் என்று சேர்த்தேன். மதிப்பெண் போடும் இடத்தில் ஐந்து நட்சத்திரத்தையும் தொட்டேன். அதற்கு மேல் போட அதில் வழியில்லை. தேடிப் பார்த்தேன்.