காவடி லீவு

எனக்காக என் கணவர் திலீப் முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டியதாயிற்றே என்று நான் கூசிக் குறுகிப் போயிருந்தேன். குழந்தை பிறந்து நாலு மாதமாகியும் நான் தேறவில்லை. காரணமில்லாமல் அழுகை வரும். பிள்ளை வீறிட்டாலும் எழுந்து தூக்க உடம்பு வராது. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு வருகிற மனச்சோர்வுதான், மருந்தில் சரியாகிவிடும், அதுவரைக்கும் தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் திலீப்பிடம் சொன்னார். ஊர் உலகத்தில் எல்லாரும்தான் பெறுகிறார்கள், எனக்கு மட்டும் என்ன கேடு என்று என்னை நானே திட்டிக்கொள்வேன்.

என்னைப் பார்த்துக்கொள்ள அவர் போடும் லீவு ஒன்றும் பிச்சை இல்லை. பிள்ளை பெற்ற தகப்பனுக்குச் சட்டம் கொடுக்கிற லீவில் அவருக்கு இன்னும் பாக்கி இருந்தது. கேட்டால் கிடைக்கும், வேலைக்கும் பங்கம் வராது. என்ன, இவ்வளவு நாள் கழித்து எதற்கு என்று முதலாளி கேட்பார், பதில் சொல்ல வேண்டும். "பாஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், நீ கவலப்படாத" என்று லீவு போட்ட அன்றைக்குச் சொன்னார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் புது மஞ்சள் வேட்டியும்.

"நான் சாமுண்டீஸ்வரி. திலீப்போட பாஸ் ரெங்கசாமி என் வீட்டுக்காரர்தான். தம்பி மொத தடவையா காவடி எடுக்குது, வெரதம் இருக்க லீவு போட்டிருக்குன்னு சொன்னாரு. மனசு கேக்கல, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

உள்ளே விரதக்காரர் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றோடு வந்த கோழி இறக்கையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கேட் சாவி எடுத்துட்டு வர்றேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய், திலீப் முன்னால் இருந்த தட்டைப் பிடுங்கி அடுப்படியில் ஒளித்தேன். எதற்கு ஒளித்தேனோ தெரியவில்லை. புருஷன் மானம் என்றால் கை கேட்காமலே வேலை செய்கிறது.

சாமுண்டீஸ்வரி ஆன்ட்டி உள்ளே வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். "வெரதத்துல இருக்கறவங்க கால்ல விழுந்தா முருகன் கால்ல விழுந்த மாதிரி" என்றார். அம்மா வயதுக்காரர். திலீப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டி நின்றார். ஆன்ட்டி விபூதி கேட்டபோது வேறு வழியில்லாமல் சாமி மாடத்திலிருந்து எடுத்துப் பூசிவிட்டார். விரலில் சோற்றோடு வந்த மிளகாய்ச் சம்பால் எண்ணெய் இன்னும் காயவில்லை.

"நீ குடுத்து வச்சவம்மா. என்ன வேண்டுதல்?" என்று என்னைக் கேட்டார்.

"புள்ளைக்குதான் ஆன்ட்டி" என்று திலீப் முந்திக்கொண்டார்.

ஆன்ட்டி கிளம்பிப் போனதும் திலீப்பிடம் கேட்டேன். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்னீங்களே?"

"எப்படிச் சொல்றது சுஷ்மி? வைஃப்புக்கு மனசு சரியில்லன்னு சொன்னா மெண்டல்னுதான் பேசுவாங்க. ஒரே நாள்ல சிராங்கூன் ரோடு பூரா நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்சிடும் லா."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

மஞ்சள் வேட்டியை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தார். "நெசமாவே எடுத்துடறேன். இன்னும் ஒரு வாரம் இருக்கு, சுத்தபத்தமா இருந்துடலாம். அலகு வேணும்னாலும் குத்திக்கறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தடுப்பூசிக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன். நாக்கில் வேல் குத்திக்கொள்ளத் தயார், என் நோயை வாய்விட்டுச் சொல்ல மட்டும் முடியாது. அத்தனை அசிங்கமாகவா நான் ஆகிவிட்டேன்?

மாதக்கணக்கில் அழுகையைத் தவிர வேறொன்றும் வராத எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. அவருடைய ஃபோனை எடுத்து பாஸுக்கு அடித்தேன்.

"நான் சுஷ்மிதா பேசறேன் சார், திலீப் வைஃப். அவரு காவடி எடுக்கல. லீவு எனக்காகத்தான் போட்டாரு. என்ன காரணம்னு அவரே சொல்லுவாரு."

ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டவர், உள்ளே போ என்று கண்ணால் காட்டினார். நான் போகவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்தேன்.

"பாஸ்... கொழந்த பொறந்ததுலேர்ந்து வைஃப்புக்கு மனசு சரியில்ல. தனியா விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு." திருட்டை ஒப்புக்கொள்கிறவன் குரல்தான். ஆனாலும் சொல்லிவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தப் பக்கம் ரெங்கசாமி சொன்னார்: "இதுக்கா முருகன் பேர்ல பொய் சொன்ன? அப்பா லீவு உனக்குப் பாக்கி இருக்குல்ல, அதுல மாத்திப் போட்டுக்க. வீட்டப் பாரு."

கேட்டது கிடைத்துவிட்டது. திலீப் பெருமூச்சு விட்டார். பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, எனக்குக் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, ஃபோனை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பாஸ், வேற யாருக்கும் தெரிய வேணாம் பாஸ். ஆன்ட்டிகிட்ட காவடின்னே இருக்கட்டும்."

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.